மூன்று வாரம் பொறுக்கட்டும்

“யாருக்காவது ஆட்சேபணை இருந்தா கையைத் தூக்கலாம்,” என்றார் போதகர்.

ஞானஸ்நானம் பெறப்போகிறவர்களின் பெயரை வாசித்ததும் சபையாரிடம் இப்படிக் கேட்பது அந்த ஆலயத்தின் வழக்கம். இதுவரை எவரும் கை தூக்கியதில்லை.

அன்று, மூன்றாவது பெயருக்கு ஒரு கை உயர்ந்தது. முன்வரிசைச் சக்கர நாற்காலியிலிருந்து, கணக்கு டீச்சரின் கை.

குடித்துவிட்டு லாரியை நடைபாதைமேல் ஏற்றி, அவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தவனின் பெயர்தான் அது. ஒன்றரை ஆண்டு சிறையில் இருந்தான். குடியை விட்டான். இப்போது ரொட்டிக்கடை ஒன்றில் மாவு மூட்டை சுமக்கிறான்.

“அவருக்கு ஞானஸ்நானம் வேண்டாங்கிறீங்களா டீச்சர்?”

“வேண்டாம்னு சொல்லல. இந்த ஞாயிறு வேண்டாம். மூணு வாரம் பொறுக்கட்டும்.”

“காரணம்?”

“ஆண்டவர்கிட்ட சொல்லியாச்சு.”

அதற்குமேல் கேட்கப் போதகருக்குத் துணிவில்லை. அவரும் அந்த அம்மாளிடம் கணக்குப் படித்தவர்தாம்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் பாடகர் குழுத் தலைவி பொரிந்து தள்ளினாள்.

“ஆண்டவரே பாஸ் போட்டு அனுப்பிட்டாரு. இவங்க என்ன, மறுபடியும் தாளை வாங்கித் திருத்துறது?”

“வலி அவங்களுக்குத்தானே தெரியும்,” என்றார் அவள் கணவர்.

“நீங்க சும்மா இருங்க. மன்னிப்பைப் பத்தி வாரா வாரம் பாடத் தெரியுது. ஒரு கையைக் கீழே வச்சிருக்கத் தெரியலையே!”

லாரிக்காரன் அவர்களைக் கடந்து போனான்.

சிறையில் அவனுக்கு அடிக்கடி ஒரு கனவு வரும். வெளிச்சம் நிறைந்த தண்ணீருக்குள் படிப்படியாக இறங்குவான். பிரேக் பிடிக்கும் அந்தக் கிறீச்சொலி, அலறல், கண்ணாடி நொறுங்கும் சத்தம் எல்லாம் தூரத்து மழைபோல் தேய்ந்து அடங்கும். விழித்த பிறகும் சற்று நேரம் காதுக்குள் அந்த அமைதி இருக்கும். அதைத் தேடித்தான் இந்த ஆலயத்துக்கு வந்திருந்தான்.

மறுநாள் போதகரிடம் சொன்னான்: “நான் வேற ஊருக்குப் போயிடறேன் ஐயா.”

“மூணு வாரம்தானேப்பா?”

“ஒன்றரை வருஷம் உள்ள இருந்தேன். அதைத் தாங்கிட்டேன். அது சட்டம் குடுத்தது. இது அவங்க குடுத்தது. இதைத் தாங்க முடியல.”

“போறதுன்னா அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போ.”

புதன்கிழமை மாலை டீச்சர் வீட்டுக் கதவைத் தட்டினான். திறக்க வெகுநேரம் ஆயிற்று. நாற்காலியில் இருந்த டீச்சரின் நெற்றி வியர்த்திருந்தது, மூச்சு வாங்கியது. கோபம் என்றே அவன் எடுத்துக்கொண்டான்.

“டீச்சர், என்னைப் பார்க்கவே உங்களுக்குக் கஷ்டமா இருந்தா நான் இங்கேருந்து போயிடறேன்.”

“நான் போகச் சொன்னேனா?”

“இல்ல.”

“எத்தனை வாரம்னு சொன்னேன்?”

“மூணு.”

“அப்போ மூணாவது ஞாயித்துக்கிழமை காலையில வந்து நில்லுங்க. நடுவுல ஓடிப்போனா உங்களை நான் மன்னிக்கவே மாட்டேன்.”

கதவு சாத்தப்பட்டது.

அந்த வாரங்களை அவன் மாவுத் தூசிக்குள் நடப்பவன்போலக் கடந்தான். எதுவும் தெளிவாகத் தெரியவில்லை. ஆயினும் ஓடவில்லை.

அந்த ஞாயிறு வந்தது. உயரமான சன்னல்களின் வழியே இறங்கிய வெயில் ஞானஸ்நானத் தொட்டியில் விழுந்து, கூரையெங்கும் நீரலைகளாய் நடுங்கிற்று. பாடகர் குழு மெல்லிய குரலில் பாடிக்கொண்டிருந்தது.

முதலில் ஒரு கல்லூரிப் பெண் மூழ்கி எழுந்தாள். படியில் துண்டோடு நின்ற அவள் தாய் அவளை அணைத்துத் துவட்டினாள். அடுத்து வந்த தையல்காரருக்கு அவர் மருமகள் துண்டு பிடித்தாள்.

“உனக்கு யாருப்பா துண்டு பிடிக்கிறா?” என்று போதகர் தாழ்ந்த குரலில் கேட்டார்.

“அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க. அண்ணன் என் முகத்துலயே முழிக்கிறதில்ல. படியில வச்சிருங்க ஐயா, நானே எடுத்துக்கறேன்.”

போதகர் திருநாமம் சொல்லி அவனைத் தண்ணீருக்குள் சாய்த்தார்.

பாட்டு நின்றது. சத்தங்கள் எல்லாம் நின்றன. இமைகளின்மேல் பொன்னிறமாக ஒரு வெளிச்சம் அசைந்தது. தன் எடை தன்னைவிட்டுக் கழன்று போவதை உணர்ந்தான். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு நொடியாகவும் இருக்கலாம்.

எழுந்தான். கண்ணை மூடியபடியே படியேறி, துண்டுக்காகத் துழாவினான். வைத்த இடத்தில் அது இல்லை.

யாரோ அதை அவன் தலையில் போட்டு, இரண்டு கைகளாலும் அழுத்தித் துவட்டினார்கள்.

பாட்டு இன்னும் தொடங்கவில்லை. பாடகர் குழுத் தலைவி திறந்த வாயை மூடாமல் நின்றுகொண்டிருந்தாள். முன்வரிசையில் சக்கர நாற்காலி காலியாக இருந்தது.

“கண்ணைத் திறங்க தம்பி,” என்றார் டீச்சர், அவனுக்கு நேர் எதிரே, தம் சொந்தக் கால்களில் நின்றபடி. “புதுசா கண்ணைத் திறக்கும்போது நீங்க என்னை உட்கார்ந்த கோலத்துல பார்க்கக் கூடாதுன்னு நினைச்சேன். நிற்கப் பழக எனக்கு மூணு வாரம் தேவைப்பட்டுச்சு. சீக்கிரம் துடைச்சுக்குங்க, இன்னும் ஒரு நிமிஷத்துக்கு மேல நிற்க வரல.”