பாதிப் படியில் பீரோ

மூன்றாம் மாடிக்கு ஏறும் குறுகலான படிக்கட்டில் இரும்பு பீரோ பாதியில் நிற்கிறது. கீழே தாங்குபவர் மாமா. மேலே இழுப்பவன் அவர் மனைவியின் தம்பி. ஜன்னல் வெயிலில் இருவர் கழுத்திலும் வியர்வை மின்னுகிறது. "போயும் போயும் சாமியே இல்லேங்கிற அந்தக் கட்சிக்கா ஓட்டுப் போட்டீங்க?" "ஆமா! உன் சாமி வந்து தடுக்கட்டுமே!" "சாமியை இழுக்காதீங்க மாமா! உங்களுக்கு எங்க அக்காவைக் குடுத்ததே தப்பு. இனி உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்!" "மிதிக்காதே, போ!" சத்தம் கேட்டு ஒரு கதவு திறந்து மூடுகிறது. மாமாவின் ஈரக் கை வழுக்க, பீரோ அவர் மார்பை நோக்கி ஓர் அங்குலம் இறங்குகிறது. மச்சான் வாய் வரை வந்த வார்த்தையை விழுங்கி, முழங்காலைப் படியில் ஊன்றி, முழுப் பாரத்தையும் இழுத்துப் பிடிக்கிறான். "கையைத் துடைச்சுக்குங்க. நான் விட மாட்டேன்." மாமா சட்டையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி பிடிக்கிறார். "ம், பிடிச்சுட்டேன். இப்பச் சொல்லுடா, எங்க கட்சி உன்னை என்ன பண்ணுச்சு?"