எந்தக் கரை?

"அவ கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடு... நார்த் டகோட்டான்னு" என்றான் ஓரின். ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே மூச்சு வாங்கியது.

"ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுடறேனே?"

"வேண்டாம். ஊரே பனியில நின்னு வேடிக்கை பாக்கும். நர்ஸுகிட்டயே கேளு."

ஆர்டிஸ் போனை எடுத்தாள்.

ஓரினுக்கு இருதய வால்வு மாற்றி ஒன்பது நாள். ஆற்றுக்கு அந்தக் கரையில், நார்த் டகோட்டா மாநிலத்து ஆஸ்பத்திரியில் செய்தது. வீடு இந்தக் கரையில், மினசோட்டா மாநிலத்தில். சந்தேகம் என்றால் எந்த நேரமும் நர்ஸைக் கூப்பிடுங்கள் என்று எண் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

ஆனால் அந்த நர்ஸின் லைசென்ஸ் இந்தக் கரையில் செல்லாது. அவள் எங்கே உட்கார்ந்திருக்கிறாள் என்பது கணக்கில்லை. நோயாளி எங்கே படுத்திருக்கிறான் என்பதுதான் கணக்கு. கூப்பிட்டதும் முதலில் அதைத்தான் கேட்பார்கள். போன மாதம் பக்கத்துப் பண்ணை லாய்ட், மினசோட்டா என்று உண்மையைச் சொன்னார். "மன்னிக்கணும், உங்ககிட்ட நான் பேசக் கூடாது" என்று வைத்துவிட்டாள் ஒருத்தி. அதிலிருந்து இந்தச் சாலையில் எல்லோரும் பொய்தான் சொல்கிறார்கள்.

"நான் நர்ஸ் பெவ் பேசறேன். இந்தப் பேச்சு பதிவாகுது. இப்ப நீங்க..."

"நார்த் டகோட்டா! நார்த் டகோட்டாவுலதான் இருக்கோம்!"

"நான் இன்னும் கேக்கவே இல்லையே" என்றாள் பெவ்.

ஆர்டிஸ் தன் பெயரையும் கணவன் பெயரையும் சொன்னாள், ஆபரேஷன் நடந்த தேதியைச் சொன்னாள். "காலைலேர்ந்து மூச்சு முட்டுது. இப்ப உதடு நீலமா இருக்கு. பயமா இருக்கும்மா."

"இருங்க. லைன்ல காத்திருங்க."

போனில் பாட்டு ஓடியது. மேலதிகாரியிடம் கேட்கப் போயிருக்கிறாள் என்று ஆர்டிஸுக்குத் தோன்றியது. ஓரினின் தோள்கள் ஏறி ஏறி இறங்கின. ஒருவழியாகப் பாட்டு நின்று, பெவ் திரும்பி வந்தாள்.

"ஆர்டிஸ், இங்கே பதிவுல உங்க வீட்டு விலாசம் மினசோட்டான்னு இருக்கு."

"நாங்க... நாத்தனார் வீட்டுக்கு வந்திருக்கோம். மார்லிஸ் வீடு. எல்ம் தெரு, பதினாலு."

"எந்த மாநிலம்?"

"அதான் சொன்னேனே."

"இன்னொரு தடவை சொல்லுங்க. தெளிவா."

போலீஸ்காரி மாதிரி கேட்கிறாளே! "நார்த் டகோட்டா."

"சரி. அவரை நிமிர்த்தி உக்கார வைங்க. காலைத் தொங்கப் போடச் சொல்லுங்க. சட்டைப் பொத்தானை அவுத்து விடுங்க. ஆம்புலன்ஸ் கிளம்பிடுச்சு."

"ஆம்புலன்ஸா?"

"ஆமா."

அப்போதுதான் ஆர்டிஸுக்கு உறைத்தது. எல்ம் தெருவுக்குப் போகும். பாலத்துக்கு அந்தப் பக்கம். பூட்டிய வீடு, மார்லிஸ் குளிருக்கு அரிசோனா போய் இரண்டு மாதமாகிறது. அங்கே கதவைத் தட்டிவிட்டு, யாரும் இல்லை என்று திரும்பிவிடுவார்கள். இங்கே இவன்...

"அம்மா, ஒரு விஷயம்... நான் சொன்ன விலாசம்..."

"கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடறார்னு எண்ணுங்க. சத்தமா."

"இல்லம்மா, நான் உங்ககிட்ட..."

"எண்ணுங்கன்னு சொன்னேன்!"

"ஒண்ணு... ரெண்டு... மூணு..."

"அவ உனக்கு மேல... அதிகாரம் பண்றாளே" என்று ஓரின் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நுரையானது. முகம் சாம்பல் பூத்துவிட்டது.

ஆர்டிஸால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. லைசென்ஸும் சட்டமும் எக்கேடு கெட்டுப் போகட்டும். போனை வைத்தால் வைக்கட்டும்.

"நான் பொய் சொல்லிட்டேன். நாங்க இருக்கிறது மின..."

"வாயை மூடுங்க!" பெவ் கத்திய கத்தலில் ஆர்டிஸ் போனையே தவறவிட இருந்தாள். "ஒரு வார்த்தை பேசக் கூடாது! எண்ணுங்க!"

கல்நெஞ்சக்காரி. கட்டிய புருஷன் கண்ணெதிரே போகிறான். உண்மையைச் சொல்லக்கூட விடமாட்டேன் என்கிறாளே. ஆர்டிஸ் அழுதுகொண்டே எண்ணினாள். பதினேழு. பதினெட்டு. எண்ணிக்கை தப்பி, மறுபடி ஒன்று.

வாசலில் பனி நொறுங்கும் சத்தம். கதவு திறந்தது.

டுவேன். காலையில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், மற்ற நேரத்தில் இந்தக் கரை ஆம்புலன்ஸில் சம்பளமில்லாத தொண்டன். பின்னாலேயே இன்னொருத்தி, ஆக்ஸிஜன் உருளையோடு.

"வந்துட்டாங்களா?" என்று போனில் பெவ் கேட்டாள்.

"வந்துட்டாங்க, ஆனா எப்படி..."

பெவ் வைத்துவிட்டாள்.

முகமூடியை மாட்டி, ஊசி போட்டு, ஓரினின் உதட்டில் கொஞ்சம் சிவப்பு ஊறுவதற்குள் ஆர்டிஸுக்குப் பாதி உயிர் போய்விட்டது. ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டே நடந்தாள்.

"டுவேன், நான் எல்ம் தெருன்னுதானே சொன்னேன்? நீ எப்படி இங்கே வந்தே?"

"பெவ்தான் இந்த விலாசத்தைக் கொடுத்து எங்களைக் கூப்பிட்டா. நீங்க பேச ஆரம்பிச்ச மொத நிமிஷத்துலேயே."

"அப்ப நான் சொன்னதை அவ நம்பவே இல்லையா?"

ஆம்புலன்ஸ் கதவைச் சாத்திக்கொண்டே டுவேன் சொன்னான்:

"'இன்னொருத்தி பொய் சொல்றா, டுவேன். அவ உண்மையைச் சொன்னா அந்த நொடியே நான் போனை வெச்சாகணும். அதுக்குள்ள போய்ச் சேருங்க'ன்னா."