வீடு பார்க்க வந்தவர்

“நாயை எடுத்துக்கப் போறது நீங்கதானே? வீட்டைக் கொஞ்சம் பார்க்கணும்.”

வாசலில் நின்ற கண்ணாடி போட்ட அம்மாள் இவ்வளவுதான் சொன்னார். அதற்குள் பஸ் டிரைவர் கதவை அகலத் திறந்துவிட்டார்.

“வாங்க மேடம், வாங்க! காலையிலேர்ந்து உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டிருக்கோம்.”

நாய்கள் காப்பகத்தில் ஒரு பழுப்பு நாயைப் பார்த்துப் பிடித்துப்போய் விண்ணப்பம் கொடுத்திருந்தார்கள். அங்கிருந்து ஆள் வந்து, வீடு பத்திரமானதுதான் என்று கையெழுத்துப் போட்டால்தான் நாய் கிடைக்கும். டிரைவர் இதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. அவர் மனைவிக்குத்தான் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. அவள் தையல்காரி. கூடத்து ஜன்னலோரம் மெஷின், வீடு முழுக்க ஊசியும் நூலும். கணவர் விடியற்காலையில் பஸ் எடுக்கப் போய்விட்டால் அந்த மெஷின் சத்தம்தான் அவளுக்குத் துணை. கம்பிக்குள்ளிருந்து அந்த நாய் அவள் விரலை நக்கிய நாளிலிருந்து வேறு நினைப்பே இல்லை அவளுக்கு.

வந்த அம்மாள் உட்காரவில்லை. கொடுத்த தண்ணீரையும் “அப்புறம்” என்று சொல்லிவிட்டு நேராக பால்கனிக்குப் போனார். கம்பிகளுக்கு நடுவே கையை விட்டுப் பார்த்தார்.

“அவன் தலை இதுல நுழையுமே.”

“அதான் மேடம், வெளிப்பக்கம் வலை கட்டியிருக்கேன்.”

வலையை இரண்டு கையாலும் பிடித்துத் தன் முழு பலத்தோடு இழுத்தார். அது அசையவில்லை.

“இருபது வருஷமா பஸ் ஓட்டறேன். ஒரு பயணியைக்கூடக் கீழே விழ விட்டதில்லை” என்றார் டிரைவர்.

“பெருமையை அப்புறம் பேசலாம், சும்மா இருங்க” என்று மனைவி அவர் முழங்கையை இடித்தாள்.

அடுத்து சமையலறை. பினாயில் மேல் அலமாரியில் இருந்தது. மின்சார ஒயர்கள் எல்லாம் குழாய்க்குள் போயிருந்தன. குப்பைத்தொட்டியைப் பார்த்ததும் தலையை ஆட்டினார்.

“இந்த மூடியெல்லாம் அவனுக்கு ஒரு விஷயமே இல்ல. மூக்காலயே தூக்கிடுவான். அலமாரிக்குள்ள வச்சுப் பூட்டுங்க. திராட்சை, சாக்லேட்?”

“நாய்க்கு ஆகாதுன்னு சொன்னாங்க, ரெண்டையும் வாங்கறதை நிறுத்திட்டோம். எனக்குத் திராட்சைன்னா உயிர் மேடம்” என்றார் டிரைவர், சொத்தையே எழுதி வைத்தவர் மாதிரி.

கடைசியில் கூடத்துக்கு வந்தார்கள். மெஷினைப் பார்த்ததும் அந்த அம்மாள் நின்றுவிட்டார். தையல்காரி முந்திக்கொண்டாள்.

“எல்லா ஊசியும் டப்பாவுல இருக்கு மேடம். தினம் வேலை முடிஞ்சதும் காந்தத்தை வச்சுத் தரை முழுக்கத் தேய்ச்சு எடுத்துடுவேன்.”

அந்த அம்மாள் கைப்பையை நாற்காலியில் வைத்தார். அப்படியே தரையில் குப்புறப் படுத்துவிட்டார்! கன்னம் தரையில் பட, செல்போன் வெளிச்சத்தை அடித்து மெஷினுக்கு அடியில் எட்டிப் பார்த்தார்.

“அவன் உயரத்துலேர்ந்து பார்த்தாத்தான் தெரியும்.”

டிரைவர் வாயைப் பிளந்தார். நாற்காலியை விட்டு எழாமலே கையெழுத்துப் போடுகிறவர்களைத்தான் அவர் இதுவரை பார்த்திருக்கிறார். “என்ன ஒரு பொறுப்பு! இந்தம்மா வாங்கற சம்பளம் அத்தனையும் தகும்” என்று மனைவியின் காதில் கிசுகிசுத்தார். அவளுக்கும் உள்ளே மரியாதை பொங்கியது, பயத்தோடு சேர்ந்து.

மெஷினுக்கு அடியிலிருந்து கை வெளியே வந்தது. விரல் நுனியில் ஒரு குண்டூசி.

“ஒண்ணு தப்பிச்சிருக்கு.”

எல்லாம் போச்சு என்று தையல்காரியின் கண் நிறைந்துவிட்டது.

“மெஷினை உள் ரூமுக்கு மாத்திடறேன் மேடம். அதுக்குக் கதவு இருக்கு. இப்பவே மாத்திடறேன்.”

“அங்க ஜன்னலே இல்லையே. வெளிச்சத்துக்கு என்ன பண்ணுவீங்க?”

“விளக்கு போட்டுக்கறேன். அந்த நாய் வந்தாப் போதும் மேடம்.”

டிரைவர் அதற்குள் மெஷினை நகர்த்த ஆரம்பித்திருந்தார். அந்த அம்மாளும் ஒரு பக்கம் பிடித்தார். மூன்று பேரும் மூச்சு வாங்க அதை உள்ளே கொண்டுபோய் வைத்தார்கள்.

“முதல் மூணு நாள் ராத்திரி அழுவான், திட்டாதீங்க” என்றார் அவர், புடவைத் தூசியைக்கூடத் தட்டாமல். “இடி இடிச்சா மேஜைக்கு அடியில போய்டுவான். நீங்களும் பக்கத்துல உட்கார்ந்துக்குங்க. இடது காதுக்குப் பின்னாடி சொறிஞ்சுவிட்டா அடங்கிடுவான்.”

“நாங்க தேறிட்டோமா மேடம்?”

“இங்க அவன் நல்லா இருப்பான்.”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே படியிறங்கிப் போய்விட்டார்.

அரை மணி நேரத்தில் மறுபடி அழைப்புமணி அடித்தது. கழுத்தில் அடையாள அட்டையும் கையில் ஃபைலுமாக ஒருவர் நின்றிருந்தார்.

“காப்பகத்துலேர்ந்து வர்றேன். வீட்டைப் பார்க்கணும்.”

“மறுபடியுமா? இப்பத்தானே சார் உங்க மேடம் தரையில படுத்தெல்லாம் பார்த்துட்டுப் போனாங்க!”

“நாங்க யாரையும் அனுப்பலையே.”

“இல்ல சார், இடிக்குப் பயப்படும், காதுக்குப் பின்னாடி சொறியணும்னுகூடச் சொன்னாங்களே” என்றாள் தையல்காரி.

வந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “கண்ணாடி போட்டிருந்தாங்களா? நேத்து ஆபீஸுக்கு வந்து, அவன் எந்த வீட்டுக்குப் போறான்னு கேட்டாங்க. சொல்லக் கூடாதுன்னுட்டோம். உங்க விண்ணப்பம் மேஜை மேலேயே கிடந்துச்சு, பார்த்திருப்பாங்க.”

வாசலில் நின்றபடியே ஃபைலைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

“உள்ளே வந்து பார்க்கலையா சார்?”

“போற ஊர்ல நாய் வச்சுக்க வழியில்லன்னு, ஏழு வருஷம் வளர்த்தவனை அழுதுக்கிட்டே எங்ககிட்ட விட்டுட்டுப் போனவங்க அவங்க. அவங்களே பார்த்துச் சரின்னு சொன்ன வீட்டுல நான் என்னங்க பார்க்கப் போறேன்?”