தலை விழாத மயில்

அந்தத் தெருவே சிங்கப்பூர், மலேசியா என்று போய்வந்துவிட்டது. கமலவேணிக்கோ தெரிந்தவர் யாரும் கால் வைக்காத நாடாக இருக்க வேண்டும். பயணத்துக்காகத் தனக்கென்றே ஓர் அரக்குப் பட்டுச் சேலையை நெய்துகொண்டிருந்தாள். இன்று காலை முந்தானையில் நெய்த மயில்களில் ஒன்றுக்கு, இழை தவறி, தலை விழாமல் போய்விட்டது. "நமக்குத்தானே, இருந்துட்டுப் போவுது" என்று பிரிக்காமல் விட்டாள்.

அவள் கணவன் வீரபாகு தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, போனில் தங்குவதற்கு வீடு தேடினான். கிர்கிஸ்தானில் ஏரிக்கரையோரம் ஒரு வீடு கிடைத்தது. படத்தில், வாசல் கொடியில் ஓர் அரக்குப் பட்டுச் சேலை காய்ந்தது. பெரிதாக்கிப் பார்த்தான். முந்தானை நெடுக மயில்கள், ஒன்றுக்குத் தலையில்லை. படம் போட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அல்பேனியாவில் ஒரு மலைவீட்டைத் திறந்தான். அங்கேயும் கொடியில் அதே சேலை. ஜார்ஜியாவிலும் அதுதான்.

"வேணி, பேசாம பக்கத்துல தென்னேரிக்குப் போய் ஏரியப் பாத்துட்டு வந்துடலாமா?"

"அதுக்கா பாஸ்போர்ட் எடுத்தோம்? சீக்கிரம் ஒரு எடத்தச் சொல்லுங்க. முந்தானையில ஒரு முழந்தான் பாக்கி இருக்குது."

அவன் தென்னேரி என்று தட்டினான். முதல் படத்திலேயே ஏரிக்கரைக் கல்லின்மேல் அந்தச் சேலை விரிந்து கிடந்தது.

எல்லாப் படங்களிலும் உச்சிவெயில்; சேலை மட்டும்தான், ஒன்றிலும் கமலவேணி இல்லை. பட்டுச் சேலையை நிழலில்தான் உலர்த்துவார்கள். அவள் பக்கத்தில் இருந்திருந்தால், அதை வெயிலில் போட ஒருவரையும் விட்டிருக்க மாட்டாள்.