முல்லையின் வால்

“முல்லை, ஆடாம நில்லு லா. அண்ணே இப்பதான் ஷாம்பு போடப் போறாரு,” என்று போனிலிருந்து அதட்டினாள் ரஞ்சனி.

பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில், மாவுக்கட்டு போட்ட காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு அவள் படுத்திருந்தாள். காப்பாரில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய குதிரை லாயத்தின் பின்பக்கம், வேலைக்காரன் முகுந்தன் முக்காலியில் உட்கார்ந்து முல்லையின் வாலை மடியில் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தான். போனை ஒரு வாளியில் சாய்த்து வைத்திருந்தான். அதில் வாலும் அவன் கைகளும் மட்டும்தான் தெரிந்தன.

வெள்ளைக் குதிரை என்று பேருதான். விட்டால் வால் பழுப்பேறி டீத்தண்ணி நிறத்துக்கு வந்துவிடும். அதை வெளுக்கத் தெரிந்தவள் ரஞ்சனி ஒருத்திதான். இத்தனை நாளும் வேறு யாரையும் அந்த வாலைத் தொட விட்டதில்லை.

“ஊதா கலர் பாட்டில், அண்ணே. ஸ்கூல் சட்டைக்கு நீலம் போடற மாதிரி. மஞ்சள் போயிடும். ஆனா ரொம்ப நேரம் விட்டுடாதீங்க, வாலே ஊதாவாயிடும்.”

“சரி, பாப்பா.”

“தண்ணி ஜில்லுன்னு இருந்தா அவளுக்குப் பிடிக்காது. பட்டுனு மூஞ்சியில அடிப்பா. சுடுதண்ணி கலந்தீங்களா?”

முகுந்தன் கலக்கவில்லை. குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தான். “இன்னிக்கு சமத்தா இருக்கா, பாப்பா,” என்றான்.

“பாத்தீங்களா? ஞாயித்துக்கிழமை எவ்ளோ முக்கியம்னு அவளுக்கே தெரியுது.”

போனில் படாத தூரத்தில், தூணில் சாய்ந்து நின்றிருந்தார் பழனியப்பன். ரஞ்சனியின் அப்பா, லாயமும் குதிரைகளும் அவருடையவை. தடை தாண்டும்போது மகள் விழுந்து காலை உடைத்துக்கொண்ட அன்றே, இந்தச் சனியனைத் தொலைத்துக் கட்டுகிறேன் என்று குதித்தவர்.

ரஞ்சனி சோறு தண்ணி இல்லாமல் கிடந்தபோதுதான் இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமை குதிரைக் காட்சியில் அவள் தம்பி ராகுல் முல்லை மேல் ஏறிப் பரிசு வாங்கினால், முல்லை லாயத்திலேயே இருக்கலாம் என்றார். பெற்றவர் சொன்ன வார்த்தை. மகள் நம்பினாள், சாப்பிட்டாள்.

“தப்பு என் மேலதான், அண்ணே. நான்தான் கடிவாளத்த டக்குனு இழுத்துட்டேன். அவ பாவம்.” ரஞ்சனியின் குரல் உடைந்தது. “அப்பா நம்பவே மாட்டேங்கிறாரு. நீங்களாவது சொல்லுங்களேன்.”

முகுந்தன் நிமிர்ந்து முதலாளியைப் பார்த்தான். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

நுரை போகப் போக வால் வெளுத்துக்கொண்டே வந்தது. “மேலேருந்து சீவாதீங்க, அறுந்துடும். கீழேருந்து விரலால பிரிங்க,” என்றாள் ரஞ்சனி. அவன் சொன்னபடியே பிரித்தான்.

“அண்ணே, ஒரே ஒரு தடவ அவ மூஞ்சியக் காட்டுங்களேன். பாத்து எவ்ளோ நாளாச்சு.”

கூடாது என்று பழனியப்பன் கையை ஆட்டினார்.

“உன்னைப் பாத்தா அவ துள்ளுவா, பாப்பா. வால் மறுபடி சேறாயிடும். போட்ட வேலையெல்லாம் வீண்.”

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. “அப்ப சத்தத்தக் கூட்டி வைங்க,” என்றாள். “முல்லை, அக்கா பேசறேன். ராகுல் சொல்றதக் கேக்கணும், சரியா? ஜெயிச்சிடு. அப்புறம் உன்ன யாரும் எங்கயும் அனுப்ப முடியாது.”

லாயத்துக்குள்ளிருந்து ஒரு கனைப்புச் சத்தம் கேட்டது.

“கேட்டீங்களா அண்ணே? என் குரல் அவளுக்குத் தெரியுது.” அவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

முகுந்தனுக்கும் பள்ளிக்கூடம் போகும் மகள் இருக்கிறாள். இந்த வேலையை விட்டால் வேறு நாதி இல்லை. வாலைப் பிழிவதுபோல் குனிந்துகொண்டான்.

“வெள்ளையாயிடுச்சா? கிட்ட காட்டுங்க.”

அவன் போனை எடுத்து வாலின் மேல் பிடித்தான். சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி இருந்தது. ரஞ்சனி வெகுநேரம் பார்த்தாள்.

“அழகா இருக்கா. தேங்க்ஸ்ணே. உங்க புண்ணியத்துலதான் அவ பொழைக்கப் போறா.”

போனை வைத்தாள். பழனியப்பன் தூணை விட்டு நகர்ந்து வந்தார்.

“பாப்பாகிட்ட எப்ப சொல்லப் போறீங்க, பாஸ்?” என்று கேட்டான் முகுந்தன்.

“காட்சி முடியட்டும். இப்பவே சொல்லியிருந்தா இவ்ளோ பக்குவமா கழுவச் சொல்லிக் குடுத்திருப்பாளா?”

“பரிசு கிடைச்சிட்டா?”

“கிடைச்சா ராகுலுக்கு ஒரு கப். அவ்ளோதான் லா.”

முகுந்தன் துண்டை எடுத்து மிச்ச ஈரத்தை ஒற்றினான். பழனியப்பன் குனிந்து முடியை விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகத்தில் திருப்தி தெரிந்தது.

“காஞ்சதும் புதுக் குதிரையோட கட்டை வால்ல சேத்துக் கட்டிடு, செத்ததோட வால்னு ஒருத்தனுக்கும் தெரியக்கூடாது.”