புளி போட்டு விளக்கிய தகடு

கப்பலின் அடிவயிற்றுக்குள் எந்திரம் துருவைத் தின்றுகொண்டே வந்தது. அது பீய்ச்சும் தண்ணீர் தோட்டாவை விட வேகம். நல்ல இரும்பில் பட்டுக் 'கணீர்' என்று கேட்டால்தான் அடுத்த இடத்துக்கு நகரும். ஆளா, துருவா என்று அதற்குத் தெரியாது. அதனால் உள்ளே வேலை பார்ப்பவர்கள் நெஞ்சில் இரும்புத் தகடு கட்டியிருப்பார்கள். தண்ணீர் தங்கள் பக்கம் திரும்பினால் நெஞ்சைக் காட்டி நிற்பார்கள்.

"அண்ணே, ஒங்க தகடு என்ன செக்கச்செவேல்னு கெடக்கு?" என்று ரூபன் அலறினான்.

இசக்கிதுரை குனிந்து பார்த்தான். மனைவியின் கைவேலை என்று புரிந்தது.

"ஒங்க மைனி குத்துவிளக்கோட சேத்து இதையும் புளியும் உப்பும் போட்டு வெளக்கிட்டாடா."

ஏற்கெனவே தேய்ந்துபோன தகடு. ஈரத்தோடு கிடந்து துருவேறியிருந்தது.

"அசையாதீங்க, வருது!"

தண்ணீர் அவன் நெஞ்சில் அறைந்து அங்கேயே நின்றது. சிவப்பு கரைந்து வழிந்துகொண்டே இருந்தது, கணீர் மட்டும் கேட்கவில்லை. அவன் குலசாமியைக் கூப்பிட்டான். கடைசியில் தகர டப்பாவைத் தட்டினாற்போல மெலிதாக ஒரு சத்தம் எழுந்தது. எந்திரம் நகர்ந்தது.

"தப்பிச்சீங்கண்ணே!" என்று ரூபன் சிரித்தான்.

இசக்கிதுரையும் சிரிக்கத்தான் பார்த்தான். ஆனால் தகட்டுக்கு உள்ளே, நெஞ்சில், கடுகளவு இடத்தில் மட்டும் ஜில்லென்று இருந்தது.