அரை அடி உயர்ந்த ஜீப்

மலைப்பாதையில் வயிற்றில் கல் இடிக்கிறது என்று ஒரு ஜீப்பைப் பட்டறையில் விட்டு அரை அடி உயர்த்தினார்கள். அன்று முதல், தினமும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அதில் ஏறி இறங்க, அடுப்படி ஸ்டூலும் கூடவே போனது.

“மலைக்குப் போறது வருஷத்துக்கு ஒருக்கா. அதுக்கு நான் தினமும் மிதிபடணுமா, நெட்டைக்கொக்கே?” என்று கத்தியது ஸ்டூல்.

“குள்ளக் கட்டையே, உனக்கு வயித்தெரிச்சல்! உன் தயவு எனக்கெதுக்கு?” என்று சீறிய ஜீப், வேகத்தடையில் எகிறிக் குதித்து அதை ரோட்டில் உதறிவிட்டுப் போனது.

மறுநாள் காலையில் பிள்ளைகள் எம்பி எம்பிப் பார்த்தார்கள். எட்டவில்லை. பள்ளி மணி அடித்துவிடுமே என்று ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்கள்.

“நில்லுங்க! மலையே ஏறுறவன் நான்!” என்று ஆத்திரத்தில் அலறியது ஜீப்.

“அதுக்கு முன்னாடி நாங்க உன்மேல ஏறணும்ல?” என்றாள் சின்னவள், ஆட்டோவிலிருந்து எட்டிப் பார்த்து.